முறுக்கு நாலு கிலோ, கூலி எட்டு கிலோவுக்கு

2025 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேற்கு மாம்பலத்தில் ஒரு கூரியர் கடையில் நின்றிருந்தேன். அட்டைப்பெட்டிக்குள் கைமுறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா, ஒரு டப்பா மாலாடு. எல்லாம் நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்கு. எடை இயந்திரம் 4 கிலோ 100 கிராம் என்று காட்டியது. வீட்டில் நிறுத்தபோதும் அதேதான். நிம்மதியாகப் பணத்தை எடுக்கப் போனால், கடைப்பையன் மேசைக்கு அடியிலிருந்து தையற்காரர் கழுத்தில் தொங்குவதைப் போல ஓர் அளவு நாடாவை எடுத்தான். நீளம் 40 சென்டிமீட்டர், அகலம் 32, உயரம் 30. மூன்றையும் கால்குலேட்டரில் பெருக்கினான், 5,000-ஆல் வகுத்தான். 7.68 வந்தது.

"எட்டு கிலோ அம்மா" என்றான்.

"தம்பி, எடை உன் கண்முன்னால்தானே இருக்கிறது?"

"இது பெட்டி அடைக்கிற இடத்துக்கான எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம்."

அவன் ஏமாற்றவில்லை. விமான கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் போடும் கணக்கு அது. விமானத்தில் இடத்துக்குத்தான் விலை. முறுக்கு என்பதே பாதி காற்று; அது உடையாமல் இருக்க நாம் இன்னும் கொஞ்சம் காற்றை அடைத்து அனுப்புகிறோம். அதே பெட்டி நிறையப் பருப்புப் பொடியைக் கொட்டியிருந்தால் பதினைந்து கிலோவாவது நின்றிருக்கும், அளவு நாடாவுக்கு வேலையே இருந்திருக்காது. ஆக, நாலு கிலோ முறுக்கோடு நாலு கிலோ மாம்பலத்துக் காற்றும் அமெரிக்கா போயிற்று. பட்சணத்துக்கு எண்ணெய், மாவு, வெல்லம், சர்க்கரை எல்லாம் சேர்த்து ஆன செலவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கூலி.

பெட்டி பதினாறாம் நாள் போய்ச் சேர்ந்தது. மாலாடு குறையில்லை. தட்டை பாதிக்குமேல் தூள். மகள் அதைத் தயிர்சாதத்தின் மேல் தூவிக்கொண்டு சாப்பிட்டாளாம். முறுக்கைப் பற்றி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முறை கேட்டபிறகு, "லேசாகக் காறல் வாசனை அம்மா, ஆனால் தின்றுவிட்டோம்" என்றாள். அந்த 'ஆனால்' என்னை ஒரு வாரம் படுத்தியது. அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, இதுவரை எது எது எந்த வழியாகப் போயிற்று, எது எந்தக் கதியை அடைந்தது என்று எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அனுப்புகிறவள். முன்பே செய்திருக்க வேண்டும்.

எழுதி முடித்தபோது ஒன்று தெரிந்தது. கூரியரா, தபாலா, ஆள் மூலமா என்றுதான் நான் எப்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது. அனுப்புகிற பண்டம் இங்கேயே முடிந்துபோனதா, அங்கே போய் முடியப்போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. எண்ணெயில் பொரித்து எடுத்த நிமிடத்திலிருந்து பண்டம் கெடத் தொடங்குகிறது. காற்றும் வெளிச்சமும் சூடும் எண்ணெயைக் காறவைக்கும். ஈரம் மொறுமொறுப்பைத் தின்னும். தீபாவளிப் பட்சணம் செய்யும் ஐப்பசியில் சென்னையில் வடகிழக்குப் பருவமழை வேறு. மழைக்காற்றில் பொரித்து, மழைக்காற்றோடு சேர்த்து டப்பாவை மூடினால் பாதி நமுப்பு இங்கேயே உள்ளே போய்விடுகிறது.

பொரித்த பண்டத்துக்கு நாள்தான் எதிரி என்றால், ஆள் மூலம் கொடுத்தனுப்புவதற்கு இணையே இல்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ லண்டனிலோ பிராங்பர்ட்டிலோ மாறிப் போக வேண்டும். அப்படியும் ஒன்றரை நாளுக்குள் வீடு சேர்ந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை சுற்றிய கைமுறுக்கு வெள்ளிக்கிழமை நியூ ஜெர்சியின் எடிசனில் தட்டுக்கு வந்திருக்கிறது. காசும் செலவில்லை.

ஆனால் காசு இல்லாததாலேயே இது சுலபம் என்று நினைக்கக்கூடாது. பெரும்பாலான டிக்கெட்டுகளில் 23 கிலோ பெட்டிகள் இரண்டு, சிலவற்றில் ஒன்றுதான். போகிறவர்களுக்கும் பிள்ளை இருக்கிறது, மாமியார் இருக்கிறாள், அவர்கள் வீட்டு ஊறுகாய் இருக்கிறது. "ஒரே ஒரு சின்னப் பார்சல்" என்று நாம் ஆரம்பிக்கும்போதே எதிர் வீட்டுக்காரர் முகத்தில் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்காரும் காட்சி ஓடத் தொடங்கிவிடும். அரைக் கிலோ என்று சொல்லிவிட்டு ஒன்றரைக் கிலோ கொண்டுபோய்க் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு தடவை அது நானேதான்.

இதில் நான் கண்டுபிடித்த நாகரிகம் இரண்டு. ஒன்று, சொன்ன எடைக்கு ஐம்பது கிராமாவது குறைவாகக் கொடுப்பது. மற்றொன்று, பார்சலை ஒட்டாமல் திறந்தபடி கொடுத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்தபிறகு அங்கேயே ஒட்டுவது. "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று விமான நிலையத்தில் கேட்பார்கள். முன்பின் பிரித்துப் பார்க்காத பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அதற்கு ஆமாம் சொல்லும் நிலையில் ஒருவரை நிறுத்தக்கூடாது. கொடுப்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் சரி, வாங்குகிறவர் கேட்கக் கூச்சப்படுவார். அதனால் நாமே செய்துவிட வேண்டும்.

எதை எந்தப் பையில் வைப்பது என்பதும் முக்கியம். தொக்கு, ஊறுகாய், நெய், புளிக்காய்ச்சல் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது. அமெரிக்கா போகிறவர்கள் கைப்பையில் பெரிய பொடிப் பாக்கெட்டும் வைக்க வேண்டாம். 2018 ஜூன் கடைசியிலிருந்து 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடியைத் தனியாகச் சோதிக்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பொடிக்கு உடைகிற பயம் இல்லை, பெரிய பெட்டிக்குள் போகட்டும். கைப்பையின் இடத்தை முறுக்குக்கு விடுங்கள்.

கொப்பரைத் தேங்காயை எந்தப் பையிலும் வைக்காதீர்கள். எங்கள் உறவில் ஒரு பெண் மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறந்து அரைக் கிலோ கொப்பரையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் எண்ணெய் அதிகம். சரக்கறையில் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்து விதிகளில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். நமக்கு அது பொடிக்கும் பர்பிக்கும் போடுகிற சாது. அவர்கள் பட்டியலில் அது வேறு ஜாதி.

விமானத்தைத் தாண்டினால் அந்தந்த நாட்டுச் சுங்கம். இந்த இடத்தில்தான் எந்த வழி என்கிற கேள்வி அடிபட்டுப் போகிறது. சில பண்டங்களுக்கு எந்த வழியும் கிடையாது.

தம்பி மகன் மெல்பர்னில் இருக்கிறான். முதல் வருஷம் அவனுக்குத் திரட்டுப்பால் கிளறி அனுப்பலாம் என்று இரண்டு லிட்டர் பால் வாங்கிவிட்டேன். "அத்தை, அதை மட்டும் வேண்டாம், என் விசாவுக்கு வேட்டு வைத்துவிடாதீர்கள்" என்று அலறினான். மிகைப்படுத்துகிறான் என்று நினைத்தேன். இல்லை. கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் இருக்கிற நாடுகளிலிருந்து பால் பண்டங்கள் வருவதை ஆஸ்திரேலியா விடுவதில்லை. நம் நாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. பால்கோவா, பேடா, குலாப் ஜாமூன், ரசகுல்லா எல்லாம் குப்பைத்தொட்டிக்குத்தான். எழுதிக் கொடுக்கிற அட்டையில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பொருள் மட்டும் போகும். மறைத்து மாட்டினால் பெரிய அபராதம், தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு விசாவே ரத்தாகலாம். நியூசிலாந்தில் சொல்லாமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே 400 டாலர். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் நம் ஊரிலிருந்து பயணிகள் கொண்டுபோகும் பாலையும் இறைச்சியையும் அனுமதிப்பதில்லை. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தும், லண்டன் பேத்திக்கு அதைப் படத்தில் காட்டத்தான் முடிகிறது.

அமெரிக்காவின் கவலை வேறு. இறைச்சிதான் அங்கே முதல் தடை: மட்டன் ஊறுகாய், சிக்கன் தொக்கு, இறைச்சி கலந்த சூப் பொடி எதுவும் கூடாது. கருவாடு மீன் கணக்கில் வருவதால் அந்தத் தடையில் சிக்குவதில்லை. ஆனால் சிந்தாதிரிப்பேட்டைக் கருவாட்டை மூன்று உறை போட்டு அடைத்தாலும் மற்றவர் பெட்டியில் கொடுத்தனுப்புவது நட்புக்கு நல்லதல்ல. கறிவேப்பிலை பச்சையாகப் போகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற ஒரு பூச்சி அந்தச் செடியில் வாழும். அவர்கள் தோட்டங்களைக் காக்க நம் கொத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அரிசி விஷயம் பலருக்குத் தெரியாது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று ஆசையாகக் கொடுத்தனுப்புகிறோம். கப்ரா வண்டு என்று தானியத்தை மாவாக்கிவிடும் ஒரு வண்டு நம் ஊர்ப் பக்கம் உண்டு. அது இருக்கிற நாடுகளிலிருந்து பயணிகள் பெட்டியிலோ தபாலிலோ அரிசி வருவதை அமெரிக்கா 2011-லிருந்து தடுத்துவைத்திருக்கிறது. கடை அரிசி மூட்டை மூட்டையாக அங்கே விற்கிறதே என்றால், அது வணிகச் சரக்கு, அதற்குச் சான்றிதழும் சோதனையும் தனி.

கசகசா பற்றி மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன். குருமாவில் நாம் அரைத்து விடுகிற அதே கசகசாதான். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற தடைசெய்த பொருள். பிடிபட்டால் அபராதத்தோடு நிற்காது, வழக்கு. வீட்டு மசாலாப் பொடியில் ஒரு கைப்பிடி சேர்த்து வறுத்து அரைத்திருப்போம், நினைவே இருக்காது. துபாய்க்குக் குருமாப் பொடி அனுப்புகிற அம்மாக்கள் தயவுசெய்து ஒரு தரம் யோசித்துப் பாருங்கள்.

இனி தபால். தியாகராய நகர் தலைமை அஞ்சலகத்திலோ ராஜாஜி சாலைப் பொது அஞ்சலகத்திலோ வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட் அனுப்பலாம். ராஜாஜி சாலைக் கட்டடம் 1884-லிருந்து இயங்குகிறது; ஒரு பார்சலை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்க நல்ல இடம். கட்டணம் 250 கிராம் படிகளாக ஏறும், மேலே ஜி.எஸ்.டி. சிறிய, கனமான பொட்டலங்களுக்கு எனக்குத் தபால்தான் கட்டுப்படியாகியிருக்கிறது. ஒரு கிலோ சாம்பார் பொடி, அரைக் கிலோ காபிப் பொடி என்றால் கூரியர் கடைப் பக்கம் போவதே இல்லை. பத்துக் கிலோ என்றால் வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும் கூரியர்காரர்களின் கிலோ விலை இறங்கிவிடுகிறது, அப்போது கணக்கு மாறும். நாலைந்து வீடுகள் சேர்ந்து அனுப்பினால் நியாயமாக வரும், அங்கே பிள்ளைகள் ஒரே ஊரில் இருந்தால்.

தபாலின் குறை, அது நாடுகளின் சண்டையில் மாட்டிக்கொள்ளும். 800 டாலர்வரை மதிப்புள்ள பார்சலுக்குச் சுங்கவரி இல்லை என்று அமெரிக்கா வைத்திருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அதற்கு நாலு நாள் முன்பே, 25-ஆம் தேதியிலிருந்து, நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்தத் தொடங்கியது. மறுபடி தொடங்கியது அக்டோபர் 15. தீபாவளி 20-ஆம் தேதி. நான் கூரியர் கடைக்குப் போனதற்குக் காரணமே அதுதான். அப்போதிருந்து வரி விகிதம் ஒரு நிலையில் நிற்பதாகத் தெரியவில்லை. தனிநபர் பரிசு, மதிப்பு 100 டாலருக்குள், என்கிற எல்லைக்குள் வைத்துக்கொள்வது உத்தமம். பட்சணத்துக்கு அதற்குமேல் என்ன மதிப்பு வந்துவிடப் போகிறது? பணம் கட்டுமுன் அன்றைய நிலவரத்தைக் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

சுங்கப் படிவத்தைச் சோம்பல் இல்லாமல் நிரப்ப வேண்டும். "தின்பண்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் பெட்டியைத் திறக்கத்தான் செய்வார்கள். அரிசி மாவில் பொரித்த முறுக்கு, இத்தனை கிராம், இவ்வளவு ரூபாய். பொட்டுக்கடலை உருண்டை, இத்தனை கிராம் என்று வரிசையாக, அவர்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தில். ஆதாரோ பாஸ்போர்ட்டோ நகல் கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கே வேடிக்கையாக இருந்த ஒரு விதி. தபாலிலோ கூரியரிலோ அமெரிக்காவுக்கு உணவு அனுப்பினால் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே இணையத்தில் தகவல் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு விலக்கு உண்டு: ஒருவர் தன் வீட்டில் தானே செய்து, வியாபாரம் இல்லாமல், இன்னொருவருக்குப் பரிசாக அனுப்புகிற உணவு. பெரிய கடையின் முத்திரை போட்ட மைசூர்பாக்குக்கு முன்தகவல் வேண்டும். மாம்பலத்துச் சமையலறையில் நான் பிடித்த மாலாடுக்கு வேண்டாம். கடைப் பெட்டி என்றால் சுங்கத்தில் மரியாதை, வீட்டு டப்பா என்றால் சந்தேகம் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். விலக்கு இருக்கிறது என்பதற்காகப் பால், இறைச்சித் தடைகள் போய்விடாது, அவை அப்படியேதான். படிவத்தில் வீட்டில் செய்தது, தனிநபர் பரிசு என்று தெளிவாக எழுத வேண்டும். கூரியர் கடையில் சிலருக்கே இது தெரியாது, நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்வதும் ஒரு வழிதான், நேர்மையாகப் பார்த்தால் பாதிப் பொருளுக்கு அதுவே சரி. எடிசனில் ஓக் ட்ரீ சாலை முழுக்க நம்மவர் கடை, சிங்கப்பூரில் முஸ்தபாவும் தேக்காவும், துபாயில் கராமா. அப்பளம், கடுகு, உளுந்து, புளி, பெருங்காயம், பாக்கெட் முறுக்கு எதுவும் இங்கிருந்து போக வேண்டிய அவசியமில்லை. பெருங்காயத்தை விமானம் ஏற்றிக் கூட வருகிறவர் துணிமணி எல்லாம் மணக்க வைத்த பாவம் எனக்கு ஏற்கெனவே உண்டு. அங்கே கடையில் கிடைக்காதது கை. சாம்பார் பொடியில் தனியா எவ்வளவு சிவந்தபோது இறக்குவது என்பது எந்தப் பாக்கெட்டிலும் வராது.

அதனால்தான் நான் இப்போது பாதி முடிந்த பண்டங்களின் கட்சியில் இருக்கிறேன்.

கூழ்வடாத்தைப் பாருங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பிழிந்து, காக்கை விரட்டி, நாலு நாள் காயவைத்து எடுத்தால் சலசலவென்று சத்தம் போடும். ஈரம் இல்லை, எண்ணெய் இல்லை. கெடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. உடைந்தாலும் உடைந்ததைப் பொரித்துக்கொள்ளலாம். முன்னூறு கிராம் போனால் ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொரிகிற மணம் அவர்கள் வீட்டில் எழும். முறுக்கை அனுப்பும்போது அந்த மணத்தை நான் இங்கேயே அனுபவித்துத் தீர்த்துவிடுகிறேன், அவளுக்குப் போவது மிச்சம். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய் எல்லாம் இந்த இனம். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, ரசப்பொடியும்தான். பொடிகளை முழுக்க ஆறவைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டும் உறையில் போட வேண்டும். தி.நகரில் பாத்திரக் கடைகளிலேயே அந்த உறை ஒட்டும் சிறு இயந்திரம் கிடைக்கிறது. அதில் தப்பித்தவறி முறுக்கைப் போட்டுவிடாதீர்கள். காற்று போகப் போக உறை இறுகி, கண்ணெதிரே மளமளவென்று நொறுங்கும்.

புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் நடுவில் நிற்பவை. சுவைக்குக் குறையில்லை, நாள் தாங்கும், ஆனால் கசியும். விமானத்தின் சரக்கறையிலும் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. இங்கே விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடிய பாட்டில், மேலே போனதும் உள்ளிருக்கும் காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியாகத் தள்ளும். ஒருமுறை மகளின் பட்டுப்புடவையில் என் தொக்கு நல்லெண்ணெயால் ஒரு வட்டம் போட்டது. இப்போது பாட்டிலில் இரண்டு விரற்கடை இடம் விடுகிறேன், மேலே மிதக்கும் எண்ணெயை வடித்துவிடுகிறேன், மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாள், வெளியே இரண்டு ஜிப் உறை. மாவடுவுக்கு இந்த வித்தை எதுவும் பலிக்கவில்லை. உப்புநீர் எப்படியும் வழி கண்டுபிடித்துவிடுகிறது. மாவடு வேண்டுமென்றால் மாசி பங்குனியில் ஊருக்கு வரட்டும்.

முறுக்கையே பாதியில் நிறுத்த முடியுமா என்றும் பார்த்தேன். முடிந்தது. தேன்குழலுக்கு நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுத்தமாவு. அரிசி மாவு அங்கே கிடைக்கிறது. சிவக்க வறுத்து நைசாக அரைத்துச் சலித்த உளுத்தமாவில்தான் ருசியின் சூட்சுமம் இருக்கிறது. அரைக் கிலோ உளுத்தமாவும் ஒரு பித்தளை அச்சும் போன பொங்கலுக்கு முன்னால் அவளிடம் போய்ச் சேர்ந்தன. அரைக் கிலோ மாவில் இரண்டரைக் கிலோ மாவுக்குத் தேன்குழல். கூரியர்காரனின் அளவு நாடாவுக்கு இதைவிடப் பதிலடி வேறென்ன வேண்டும்? முதல் ஈடு வீடியோ அழைப்பில் எண்ணெயில் கரைந்துபோயிற்று. "வெண்ணெயை அள்ளிப் போட்டுவிட்டாய்" என்றேன். "நீதானே 'கொஞ்சம் தாராளமாக' என்று சொன்னாய்" என்று என்மேலே பாய்ந்தாள். இரண்டாம் ஈடு நின்றது. பேத்தி அச்சைச் சுற்றப் போட்டி போட்டது. ஈடு எடுக்கிற வரைக்கும் யாரும் தொலைபேசியை வைக்கவில்லை.

எல்லாரிடமும் இது எடுபடும் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேரும் வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வீடு திரும்புகிற இடத்தில் எண்ணெய்ச் சட்டி வைக்கச் சொல்வது கொடுமை. புகை வந்தால் அலறும் கருவி வேறு கூரையில். மெல்பர்ன் பையன் தனியாள். அவனுக்கு உளுத்தமாவு அனுப்பினால் அடுத்த வருஷம் நான் போகும்போது அதே உறையில் இருக்கும். அவனுக்குப் பொருள்விளங்கா உருண்டைதான். பாலும் இல்லை, நெய்யும் இல்லை. வறுத்த மாவும் வெல்லப்பாகும் ஏறி இறுகியது. உடைக்கவே சுத்தியல் வேண்டும் என்கிற அளவுக்கு நான் பிடிப்பேன், கூரியர் என்ன செய்துவிட முடியும்?

கைமுறுக்கு மட்டும் எந்தத் தர்க்கத்துக்கும் அடங்குவதில்லை. அதைப் பாதியில் நிறுத்த முடியாது, மாவாக அனுப்ப முடியாது. நாலு சுற்று, ஐந்து சுற்று என்று விரல் முறுக்குகிற முறுக்கை வீடியோவில் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், பாம்பு பாம்பாக வந்தது. ஆகவே அது ஆள் மூலம் மட்டும், கைப்பையில் மட்டும், வட்ட டப்பாவில் அடியிலும் மேலும் மெல்லிய காகிதத்தை மடித்து வைத்து, குலுக்கினால் சத்தம் வராதபடி.

மாடி வீட்டு மாமியின் மகன் அடுத்த வியாழக்கிழமை நியூ ஜெர்சி போகிறான். மாமி தானாகவே, "இரண்டு கிலோ தருகிறாயா?" என்று கேட்டுவிட்டாள். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாயிற்று. சாம்பார் பொடி 750 கிராம், உளுத்தமாவு 500, கூழ்வடாம் 300. உறை, அட்டை எல்லாம் சேர்த்து 100. ஐம்பது கிராம் நாகரிகத்துக்குக் கழித்தால் மீதம் 300. பன்னிரண்டு கைமுறுக்கு டப்பாவோடு சரியாக 290 நிற்கிறது; காலையில் பழைய டப்பாவில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டேன்.

இரண்டு கிலோ என்று மாமி சொன்னது பெரிய பெட்டிக்குத்தான். பையன் கைப்பையில், அதுவும் மடிக்கணினிக்கு மேலே, இந்த டப்பாவை வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் மாமி வீட்டுக்கு ஒரு தட்டு முறுக்கு போகட்டும்.